இன்னிக்கு என்ன மீனுங்க வந்திருக்குது?

கோயம்புத்தூரிலிருந்து கொச்சி ஏறத்தாழ 190 கிலோமீட்டர். தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் இன்னும் தள்ளி, 350 கிலோமீட்டர் வாக்கில். பஞ்சாலைக்கும் பம்புசெட்டுக்கும் பேர்போன இந்த ஊருக்குக் கடல் எந்தத் திசையிலும் கிட்டத்தில் இல்லை. ஆனாலும் உக்கடம் மீன் மார்க்கெட்டில் விடிவதற்குள் வியாபாரம் சூடுபிடித்துவிடுகிறது. மத்தியானம் ஒரு மணிக்கு மீன் சாப்பாட்டுக்குக் காத்திருந்து இடம்பிடிக்க வேண்டிய மெஸ்களும் ஊரில் இருக்கின்றன. அவற்றில் எது நல்ல கடை என்று புதிதாக வருகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர்ப்பலகையை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு கேள்வி உதவும்: "இன்னிக்கு என்ன மீனுங்க வந்திருக்குது?"

"எல்லாமே இருக்குதுங்க" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். "வஞ்சிரம் வரலீங்க, மத்தியும் சங்கராவும்தான் வந்துச்சு" என்று வந்தால் தயங்காமல் உட்காரலாம். காலையில் மார்க்கெட்டுக்கு வந்து இறங்கியதைப் பார்த்து, அதற்கேற்ப அன்றைய சமையலை முடிவுசெய்கிற கடைதான் உள்நாட்டு ஊரில் நல்ல மீன் கடை. இந்தக் கட்டுரை சொல்ல வருகிற மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவையே.

கடலோர ஊரில்தான் மீன் சாப்பிட வேண்டும், மற்ற ஊர்களில் கிடைப்பதெல்லாம் பழைய மீன் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. அது முழு உண்மை அல்ல. சென்னை காசிமேட்டு விசைப்படகுகள் பல, ஒரு வாரம், பத்து நாள் கடலில் தங்கி மீன்பிடித்துத் திரும்புகின்றன. முதல் நாள் வலையில் விழுந்த மீன் கரையைப் பார்ப்பதற்குள் ஐஸில் பல நாள் கிடந்திருக்கும். தூத்துக்குடியில் காலையில் போய் இரவில் கரைதிரும்பும் படகின் மீன் அந்த ராத்திரியே லாரி ஏறினால், விடியும்போது கோவையில் இருக்கும். இந்த இரண்டில் இளைய மீன் எது? மீனின் வயதைப் படகு எத்தனை நாள் கடலில் கிடந்தது என்பதும், ஐஸ் எவ்வளவு போட்டார்கள் என்பதும்தான் தீர்மானிக்கின்றன. கிலோமீட்டர் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஸ்பெயினின் தலைநகரம் மாட்ரிட்டுக்கும் கடலுக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அந்த ஊரில் 1982 முதல் இயங்கும் மெர்காமாட்ரிட் மீன் சந்தை, உலகின் மிகப் பெரிய மீன் சந்தைகளில் ஒன்று. கலீசியக் கடற்கரையில் பிடித்த மீனை முற்காலத்தில் கோவேறு கழுதைகளில் ஏற்றி அங்கே கொண்டுவந்தார்கள். இப்போது குளிர்பதன லாரிகள் இரவோடு இரவாகக் கொண்டுவருகின்றன. வட்டமாக நறுக்கிப் பொரித்த கணவாயை ரொட்டிக்குள் வைத்துத் தருவது அந்த ஊரின் அடையாள உணவாகவே ஆகிவிட்டது.

ஐஸ் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடல் மீனின் தசையில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாம் "மீன் நாத்தம்" என்கிற வாடை பிறக்கிறது. புதிய மீனில் கடல்பாசியின் மெல்லிய மணம் மட்டுமே இருக்கும். நம் வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடக்கும் மீன் கெட அரை நாள் போதும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற கணக்கில், அடுக்கடுக்காகப் போட்டு, உருகிய தண்ணீர் வடியவும் வழிவிட்டால் அதே மீன் பல நாள் தாங்கும். "ஐஸ் மீனா?" என்று முகம் சுளிக்கிறவர்கள் யோசிக்க வேண்டும்: கோவையில் ஐஸ் படாத கடல் மீன் இருந்தால்தான் பயப்பட வேண்டும். தரையில் பரப்பி வைத்து, ஐஸைச் சும்மா மேலே தூவியிருக்கிற மீனுக்கும் அதே கதிதான்.

கிழமைக்கும் மீனுக்கும்கூடத் தொடர்பு உண்டு. ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி என வாரத்தில் 3 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதும், மற்ற நாட்களை நாட்டுப்படகுகளுக்கு விட்டுக்கொடுப்பதும் பல காலமாக நடக்கிற ஏற்பாடு. போன படகுகள் மறுநாள் காலை திரும்பும். ஆகவே அந்தத் துறைமுகத்தின் பெரிய மீன்பாடு செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் கரையேறுகிறது. கோவையில் ஊரே மீன் தேடுகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு, அன்று காலை ராமேஸ்வரத்தில் இறங்கிய மீன் வந்து சேராது. திங்கள், புதன், வெள்ளிதான் அதற்கு நல்ல நாட்கள். மீனவர்கள் கைதானதைக் கண்டித்து ராமேஸ்வரத்தில் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தால், அடுத்த சில நாள் மதுரை, கோவை மார்க்கெட்டுகளில் வரத்து குறைந்திருக்கும். செய்தித்தாளின் அந்தச் சின்னப் பத்தி மீன் பிரியர்களுக்கும் சேதி சொல்கிறது.

கோவைக்கு வாய்த்த ஒரு அனுகூலம் பாலக்காட்டுக் கணவாய். கிழக்குக் கடலைவிட அரபிக்கடல்தான் இந்த ஊருக்குக் கிட்டம். அதனால் மத்தி, அயிலை இரண்டும் கேரளத்திலிருந்து தாராளமாக வருகின்றன. இவற்றை ஏழை மீன் என்று ஒதுக்குகிறவர்கள் நல்ல கடையைக் கண்டுபிடிக்கும் வழியைத் தவறவிடுகிறார்கள். மத்தி கொழுப்பு மிகுந்த மீன், சீக்கிரம் கெட்டுப்போகும், நாள்பட்டால் மசாலா எவ்வளவு போட்டாலும் மறைக்க முடியாத கசப்பும் வாடையும் வந்துவிடும். மத்தியை நம்பிச் சமைக்கிற கடை தினமும் மார்க்கெட்டுக்குப் போகிற கடை. வஞ்சிரம், இறால், மீன் விரல் மட்டும் வைத்திருக்கும் கடை ஃப்ரீசரை நம்பி இருக்கலாம். நெத்திலி, கிழங்கான், காரப்பொடி மாதிரிப் பொடி மீன்கள் பலகையில் தென்பட்டால் இன்னும் நல்லது.

மலையாளிகள் நடத்தும் சிறு கடைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். குடம்புளி போட்டு மண்சட்டியில் வைத்த மீன் கறி மறுநாள்தான் ருசிக்கும் என்பார்கள், அது உண்மை. புளிப்பு ஏறிய குழம்பு எளிதில் கெடுவதில்லை, உப்பும் காரமும் துண்டுக்குள் இறங்க நேரமும் கிடைக்கிறது. நம் வீடுகளில் நேற்றைய மீன் குழம்புக்கு இருக்கிற மரியாதைக்கும் காரணம் இதுவே. பழைய மீனில் வைத்த குழம்பு வேறு, பழகிய குழம்பு வேறு.

கடைக்குள் நுழைந்தபின் கவனிக்க வேண்டியவை சில. மசாலா தடவிய துண்டுகளைத் தட்டில் அடுக்கி வாசலில் வைப்பது பல கடைகளின் வழக்கம். அந்தத் தட்டு ஐஸ் மேலோ குளிர்பெட்டிக்குள்ளோ இருக்க வேண்டும். அடுப்பனலும் தெருப்புழுதியும் படச் சாயங்காலம் முழுக்கத் திறந்து கிடந்தால் எழுந்து வந்துவிடலாம். கண்ணைப் பறிக்கும் சிவப்பில், மாவு போல அப்பிய மசாலாவும் நல்ல அறிகுறி இல்லை. நல்ல மீனுக்கு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சை போதும். முழு மீனாக வைத்திருக்கும் கடையில் கண் தெளிந்து புடைத்திருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா என்று பார்க்க முடியும். துண்டு போட்டபின் அந்தச் சாட்சிகள் போய்விடும். தட்டுக்கு வந்த மீனிலும் தெரியும்: நல்ல மீனின் சதை இதழ் இதழாகப் பிரியும், ஈரம் இருக்கும்; நாள்பட்டது கூழாகவோ மாவாகவோ உதிரும். முதல்முறை போகும் கடையில் பெரிய விருந்து சொல்லாமல் ஒரு மீன் சாப்பாடு சொல்லிப் பார்ப்பது நல்லது. குழம்பு, வறுவல் இரண்டையும் ஒரே இலையில் எடைபோட்டுவிடலாம். மார்க்கெட்டுக்கு விடியற்காலை வந்த மீன் மத்தியானச் சமையலுக்குத்தான் போகிறது. எனவே மீனுக்கு மத்தியானமே ஏற்ற நேரம்.

மெனுவில் வெறுமனே "ஃபிஷ்" என்று போட்டிருந்தால், முள்ளில்லாத வெள்ளைத் துண்டு வந்தால், என்ன மீன் என்று கேட்பது சாப்பிடுகிறவரின் உரிமை. பல இடங்களில் அது பாசா. வியட்நாமின் மெகாங் ஆற்றுப் படுகையில் பண்ணைகளில் வளர்க்கப்படும் கெளுத்தி இனம் அது. கெட்ட மீன் அல்ல. குழந்தைகளுக்கு முள் பயம் இல்லாமல் கொடுக்கலாம். ஆனால் கடல் மீனின் விலைக்குப் பெயர் சொல்லாமல் விற்பது ஏமாற்று.

இறாலுக்கு இந்தக் கவலைகள் குறைவு. 2009-இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட வனாமி இறால் இன்று ஆந்திரத்திலும் தமிழகக் கடலோரத்திலும் பண்ணைகளில் ஏராளமாக வளர்கிறது. அறுவடையான கையோடு ஐஸில் போடுவதால் கோவைக்கு வரும்போதும் தரம் குறைவதில்லை. கணவாய் உறைநிலையை நன்றாகத் தாங்கும். நண்டு அப்படியல்ல. சேற்று நண்டு கொடுக்குக் கட்டிய நிலையில் உயிரோடு வர வேண்டும். செத்து நேரமான நண்டின் சதை தண்ணீராகக் கரைந்துவிடும், ஓட்டை உடைத்தால் ஒன்றும் மிஞ்சாது.

2018 ஜூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை வாளையாறு சோதனைச் சாவடியில் ஃபார்மலின் கலந்த மீன் லோடுகளைப் பிடித்தது. வாளையாறு கோவையின் வாசற்படி என்பதால் இங்கும் மீன் விற்பனை ஆட்டம் கண்டது. பிணங்களைக் கெடாமல் வைக்கப் பயன்படும் ரசாயனம் ஃபார்மலின். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், ஃபார்மலினையும் அம்மோனியாவையும் சில நிமிடங்களில் காட்டிக்கொடுக்கும் காகிதப் பட்டைகளை அந்த வருடத்திலேயே வெளியிட்டது. அதிகாரிகள் உக்கடத்தில் அவ்வப்போது சோதனை நடத்துகிறார்கள். இது விட்டுவிட்டு நடக்காமல் வாரந்தோறும் நடக்க வேண்டும். ஒரு ஊரின் மீன் உணவகங்கள் மீதான நம்பிக்கை அதன் மார்க்கெட்டில்தான் தொடங்குகிறது. சமையலால் சரிசெய்ய முடியாத இன்னொன்று ஹிஸ்டமின் என்ற நச்சு. சூரை, அயிலை, மத்தி போன்றவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் அது உருவாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. வாயில் வைத்ததும் நாக்கு சுருக்கென்று எரிந்தால் அந்தத் துண்டை அப்படியே ஒதுக்கிவிட வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் மனதில் வைத்துக்கொண்டால் நல்லது. தமிழகத்தின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போவதில்லை. மேற்குக் கடலில் ஜூன் பிறந்ததும் தடை வருகிறது, ஜூலை 31 வரை நீடிக்கிறது. இரண்டு கடலுக்கும் நடுவில் இருக்கிற கோவை ஏப்ரல், மே மாதங்களில் மேற்கை நம்பலாம், ஜூன் பாதிக்குமேல் கிழக்கை நம்பலாம். இடைப்பட்ட நாட்களில் நாட்டுப்படகு மீன் மட்டுமே புதிதாக வரும், விலை ஏறும். அந்த நேரத்தில் பெரிய வஞ்சிரத் துண்டுகளைத் தாராளமாக அடுக்கி வைத்திருக்கும் கடையில் அது எப்போது பிடித்தது என்று கேட்க வேண்டும். புரட்டாசியில் இதற்கு நேர்மாறு. விரதத்தால் பாதி ஊர் மீனைத் தொடாது, வரத்தோ குறையாது. விரதம் இல்லாதவர்களுக்கு வருடத்திலேயே நல்ல மீன் மலிவாகக் கிடைக்கும் காலம் அது.

மதுரை இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்துக்கொண்டது. அங்கும் கடல் இல்லை. கரிமேட்டுக்கும் மாட்டுத்தாவணிக்கும் கடல் மீன் வண்டியில்தான் வருகிறது. ஆனால் அம்மா மெஸ், சந்திரன் மெஸ் போன்ற கடைகளின் புகழ் அயிரை மீன் குழம்பிலிருந்து வந்தது. விரல் நீளம்கூட இல்லாத கண்மாய் மீன் அது. உயிரோடு வாங்கி, பாலில் அல்லது தேங்காய்ப்பாலில் விட்டுச் சேற்றைக் கக்கவைத்து, மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசி, முழுசாகவே குழம்பில் போடுவார்கள். கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும். குமார் மெஸ் நண்டு ஆம்லெட்டும் பேர்பெற்றது. கடல் மீனோடு கண்மாய் மீனையும் சரியாசனத்தில் வைத்ததால் மதுரைக்காரர்கள் கடலோர ஊரைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை.

கொங்கு நாட்டுக்கும் அந்த வசதி இருக்கிறது. ஆழியாறு, பவானிசாகர் அணைகளின் மீன்வளத்தைத் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் கவனிக்கிறது. அணைப் பக்கத்துக் கடைகளில் கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் கண்ணெதிரே வெட்டிப் பொரித்துத் தருகிறார்கள். இரண்டு கடலும் மூடிக்கிடக்கும் ஜூன் முதல் பாதியில் கோவைக்காரர்களுக்கு இதைவிடப் புதிய மீன் அமையாது. அங்கே போனால் பெரிய கட்லாத் துண்டை விட, உள்ளங்கை அளவு ஜிலேபியை முழுசாகக் கீறிப் பொரிக்கச் சொல்வது நல்லது. முள் அதிகம் இல்லை, ஓரம் மொறுமொறுவென்றும் நடுச்சதை மெத்தென்றும் வரும்.