காது கேட்டதும் கருத்துக் கொண்டதும்

பிரித்தானியாவில் வாழும் எம்மவர் ஒருவர், வைத்தியசாலையிலிருந்து தொலைபேசியில் அறிவிக்கப்பட்ட திகதியை 30 எனக் குறித்துக்கொண்டார். உண்மையில் அது 13. முப்பதாம் திகதி அவர் சென்றபோது தவணை கடந்துவிட்டிருந்தது. மீண்டும் பல வாரங்கள் காத்திருக்க நேர்ந்தது. "அப்பாவுக்கு இங்கிலீஷ் விளங்காது" என்று மகன் சிரித்தானாம். விளக்கக் கடிதம் எழுதும் பொறுப்பும் அவனிடமே வந்தது.

எழுத்தில் அறிவித்திருந்தால் இதனைத் தவிர்த்திருக்கலாம் என்பது கடிதத்தின் சாரம். ஆனால் 'குட் ஹாவ்' என்று வரவேண்டிய இடத்தில் 'குட் ஒவ்' என்று எழுதியிருந்தான் மகன்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பலரும் செய்யும் பிழைதான் இது. விரைந்து பேசுகையில் 'ஹாவ்' என்பது தேய்ந்து 'அவ்' என ஒலிக்கின்றது. 'ஒவ்' என்பதும் அவ்வாறே. செவிவழி கற்றவருக்கு இரண்டும் ஒன்றே. இலக்கணப் புத்தகத்தின் வழியே கற்ற தந்தையருக்கு இப்பிழை பெரும்பாலும் வருவதில்லை. அவர்களுக்கு வருவது வேறு பிழை. 13 என்பதையும் 30 என்பதையும் ஆங்கிலேயர் பெரிதும் அசையழுத்தத்தால் வேறுபடுத்துவர். தமிழில் அசையழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. ஆதலால் எமது காது அதனைத் தேடுவதுமில்லை.

சொற்களுக்கிடையே இடைவெளி எழுத்தில்தான் உண்டு, பேச்சில் இல்லை. தொடர்ந்து வரும் ஒலியை மனம் தான் அறிந்த சொற்களாகப் பிரித்துக்கொள்கின்றது. ஏமாற்றமாய் முடிந்த காரியத்தை ஆங்கிலேயர் 'டாம்ப் ஸ்குயிப்' என்பர். நனைந்துபோன வெடி என்பது பொருள். 'ஸ்குயிப்' என்ற சொல்லை அறியாத பலர் அதனை 'ஸ்குயிட்' ஆக்கிவிட்டனர். வெடி கணவாயாகிவிட்டது! நனையாத கணவாயை எங்கே காண்பது?

இத்தகைய பிழைகளுக்கு 2003 ஆம் ஆண்டில் மொழியியலாளர் 'எக்கோர்ன்' என்று பெயரிட்டனர். ஓக் மரத்தின் விதையான 'ஏக்கோர்ன்' என்பதை ஒரு பெண்மணி 'எக் கோர்ன்', அதாவது முட்டைத் தானியம், என எழுதியதே காரணம். அவ்விதை முட்டை வடிவினது. அவர் கொண்ட கருத்திலும் நியாயம் உண்டு.

சில பிழைகள் நிலைத்தும் விட்டன. மணமகனைக் குறிக்கும் 'பிரைட்குறூம்' என்ற சொல்லின் பிற்பகுதி, பழைய ஆங்கிலத்தில் மனிதன் எனப் பொருள்படும் 'குமா' என்பதாகும். அச்சொல் வழக்கொழிந்தபின், ஏவலாளனைக் குறித்த 'குறூம்' அவ்விடத்தில் வந்தமர்ந்தது. இன்று எந்த ஆசிரியரும் அதனைச் சிவப்பு மையால் வெட்டுவதில்லை.

எமது சொற்களை அவர்கள் கேட்ட விதமும் இதுவே. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டோனி' சூப் ஆயிற்று. திருகோணமலை 'ட்ரிங்கோமலி' என வரைபடத்திலேயே ஏறிற்று. அதற்காக அவர்களை எவரும் நகைக்கவில்லை.

கடிதத்தில் 'ஒவ்' என்பதை வெட்டி 'ஹாவ்' என்று எழுதியவர் தந்தைதான். மகன் நம்பவில்லை, மறுநாள் பாடசாலையில் ஆசிரியரிடம் கேட்டு வந்தபின்னரே கடிதத்தைத் தபாலிற் சேர்த்தான். புதிய திகதி தொலைபேசியிலேயே வந்தது. இம்முறை தந்தை, "வன், செவினா? செவின், சீரோவா?" என்று இலக்கம் இலக்கமாகக் கேட்டு, கிழமையையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். எழுபதாம் திகதி எந்த மாதத்தில் வருமென்று மகன் மீண்டும் சிரித்தான். தந்தையும் சிரித்தாராம்.