பூ விலை ஏறும்னு தெரிஞ்சா அது ட்ரெண்ட் ஃபாலோயிங்கா?

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் திருத்தணி போயிருந்தேன். மலை அடிவாரத்துல என் மாமா பையன் பூக்கடை வச்சிருக்கான். புஷ்பக் காவடி நேரம், பேசவே நேரமில்ல. அப்பவும் போனை நீட்டி ஒரு டெலிகிராம் மெசேஜைக் காட்டினான். மேனேஜ்டு ஃப்யூச்சர்ஸ், ட்ரெண்ட் ஃபாலோயிங், மாசம் 3 சதவீதம் உறுதியாம். சீட்டு எடுத்த 2 லட்சம் அவன் கையில இருக்கு.

"மச்சான், கிருத்திகைக்குப் பூ விலை ஏறும்னு எனக்குத் தெரியும். இவங்களும் அதைத்தானே பண்றாங்க?"

இல்லைங்க. அவன் பண்றது கணிப்பு. விலை ஏன் ஏறும், எந்தத் தேதியில ஏறும், ரெண்டும் அவனுக்குத் தெரியும். ட்ரெண்ட் ஃபாலோ பண்றவருக்குக் காரணமே வேண்டாம். தங்கம், கச்சா எண்ணெய், கோதுமை, டாலர், அரசுப் பத்திரம்னு பல சந்தைகளோட விலையைப் பார்ப்பார். சில மாசத்து சராசரிக்கு மேல போனா ஃப்யூச்சர்ஸ் வாங்குவார், கீழ போனா விற்பார். அடுத்து என்ன ஆகும்னு அவருக்கும் தெரியாது. மேனேஜ்டு ஃப்யூச்சர்ஸ்னு சொல்ற ஃபண்டுகள்ல பெரும்பாலானவை மத்தவங்க பணத்தை வச்சு இதைத்தான் செய்யுது.

விதி சுலபம். 1983-ல ரிச்சர்ட் டென்னிஸ் சிகாகோவுல விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்து, ரெண்டே வாரத்துல சொல்லிக் கொடுத்தார். கடைப்பிடிக்கிறதுதான் கஷ்டம். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். 10 தடவை இறங்குறீங்க. 7 தடவை தலா 1,000 ரூபாய் போகுது. ரெண்டு தடவை தலா 1,500 வருது. ஒரே ஒரு தடவை 9,000. மொத்தத்துல 5,000 லாபம். ஆனா ஆறாவது நஷ்டத்துல வெறுத்துப்போய் விலகி, அந்த 9,000 உங்களுக்குப் பின்னாடி வந்திருந்தா? மிஞ்சறது நஷ்டம் மட்டும்தான். இப்படி நடக்கிற ஒரு முறையில மாசாமாசம் 3 சதவீதம் எப்படி உறுதியா வரும்?

"சந்தை விழுந்தா இதுவும் விழும்"னு சிலர் நினைக்கிறாங்க. அதுவும் தப்பு. 2008-ல சென்செக்ஸ் பாதிக்கு மேல விழுந்தது. அந்த வருஷம் உலக அளவுல ட்ரெண்ட் ஃபண்டுகள் நல்ல லாபம் பார்த்தன. 2022-லயும் அப்படித்தான். உடனே இது இன்ஷூரன்ஸ்னு முடிவு கட்டிடாதீங்க. 2009, 2011, 2012 மூணு வருஷமும் அந்த ஃபண்டுகளுக்கு நஷ்டம்.

இன்னொரு பயங்கரம், கையில இருக்கிறதை விட அதிகமா போகலாம். ஃப்யூச்சர்ஸ்ல முழு விலையும் கட்டறதில்ல, மார்ஜின் மட்டும்தான். 2020 ஏப்ரல் 20-ம் தேதி அமெரிக்கக் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்குக் கீழ போச்சு. நம்ம எம்.சி.எக்ஸ்-ல அந்த கான்ட்ராக்ட் பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாய்னு முடிஞ்சது. ஒரு லாட் 100 பீப்பாய். "எண்ணெய் இதுக்கு மேல எங்க விழும்"னு வாங்கி வச்சிருந்தவங்க, வாங்கின காசும் போய், லாட்டுக்கு 2.88 லட்சம் மேல கட்டணும்.

இந்தியாவுல இந்த மாதிரி உத்தியை முழுசா நடத்தக்கூடியது மூணாம் வகை ஏ.ஐ.எஃப். அதுல குறைஞ்சபட்சமே 1 கோடி. 2025-ல வந்த எஸ்.ஐ.எஃப்-க்கு 10 லட்சம். ரெண்டுலயும் லாபத்துக்கு உறுதி கொடுக்க முடியாது. அப்போ 2 லட்சத்துக்கு டெலிகிராம்ல யார் என்ன விக்கிறாங்க? பெரும்பாலும் ஆப்ஷன் டிப்ஸ்தான். பங்குச் சந்தை எஃப் அண்ட் ஓ பத்தி செபி 2024-ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. மூணு வருஷத்துல தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியா ஆளுக்கு சுமார் 2 லட்சம்.

சரியா அவன் சீட்டுப் பணம்.

"அப்போ இதை என்னதான் பண்றது?"ன்னான். இப்போதைக்கு பேங்க்ல எஃப்.டி போடுன்னேன். இதுக்கா இவ்வளவு பேசினன்னு ஒரு பார்வை பார்த்தான். அதுக்குள்ள சாமந்தி மூட்டை வந்து இறங்கிடுச்சு, எழுந்து போயிட்டான்.