கெட்டியான எண்ணெய்

பார்க்க நெய் போல இருக்கும். ஆனால் நெய் இல்லை. டப்பாவில் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். சூடான கல்லில் போட்டால் உருகி எண்ணெயாக ஓடும். அது என்ன?

அதுதான் வனஸ்பதி. பலர் அதை டால்டா என்றே சொல்கிறார்கள். டால்டா என்பது ஒரு கம்பெனி வைத்த விற்பனைப் பெயர். 1937-ஆம் ஆண்டு அது இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. நெய் விலை அதிகம். ஏழைகளுக்கு எட்டாது. வனஸ்பதி மலிவு. சீக்கிரம் கெட்டும் போகாது. அதனால் நாடு முழுவதும் பரவியது. வட இந்தியாவில் பூரி, பட்டூரா, ஜிலேபி எல்லாம் இதில் பொரித்தார்கள். பேக்கரிகளில் பப்ஸ், பிஸ்கட் செய்யவும் இதைச் சேர்த்தார்கள்.

வனஸ்பதி எதிலிருந்து வருகிறது? மற்ற எண்ணெய் வரும் அதே விதைகளிலிருந்துதான். எண்ணெயைச் சூடாக்கி அதற்குள் ஹைட்ரஜன் என்ற வாயுவைச் செலுத்துவார்கள். ஓடுகிற எண்ணெய் உறையத் தொடங்கும். முழுவதும் இறுகும் முன்பே நிறுத்திவிடுவார்கள். அப்போதுதான் வெண்ணெய் போன்ற பதம் வரும். இப்படிப் பாதியில் நிறுத்தும்போது எண்ணெயில் ஒரு கெட்ட கொழுப்பு உண்டாகிறது. அதன் பெயர் டிரான்ஸ் கொழுப்பு.

இது இதயத்தை என்ன செய்யும்?

நம் இதயம் மூடிய கை அளவுதான் இருக்கும். இரவும் பகலும் துடிக்கிறது. அதற்கும் இரத்தம் வேண்டும் அல்லவா? மெல்லிய குழாய்கள் அதற்கு இரத்தம் கொண்டு வருகின்றன. இரத்தத்தில் கொலஸ்ட்ரால் என்ற பொருள் ஓடுகிறது. அதில் கெட்ட கொலஸ்ட்ரால் கூடினால் குழாயின் சுவரில் படியும். நல்ல கொலஸ்ட்ரால் அதை அகற்ற உதவும். டிரான்ஸ் கொழுப்பு கெட்டதைக் கூட்டுகிறது. நல்லதைக் குறைக்கிறது. குழாய் வருடக் கணக்கில் குறுகிக்கொண்டே வரும். வலி தெரியாது. ஒரு நாள் அந்தப் படிவில் வெடிப்பு விழும். அங்கே இரத்தம் உறையும். குழாய் அடைபடும். அதுதான் மாரடைப்பு. "நேற்றுகூட வேலைக்குப் போனாரே, நன்றாகத்தானே இருந்தார்" என்று ஊர் பேசும்.

பீடி, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் இவையும் மாரடைப்புக்குக் காரணங்கள். ஆனால் எண்ணெய் நம் கையில் இருக்கிறது.

அரசு இதற்குச் சட்டம் கொண்டு வந்தது. 2022 ஜனவரி முதல் எண்ணெயிலும் வனஸ்பதியிலும் 100 கிராம் கொழுப்பில் 2 கிராமுக்கு மேல் டிரான்ஸ் கொழுப்பு இருக்கக் கூடாது. அப்படியானால் வனஸ்பதி நல்லதாகிவிட்டதா? இல்லை. அது கெட்டியாக இருக்க வேண்டுமே! அதற்காகச் சேர்க்கும் உறையும் கொழுப்பும் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும்.

பொட்டலத்தில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கும். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளையை வாசிக்கச் சொல்லலாம்.

வங்காளத்தில் கடுகு எண்ணெய். குஜராத்தில் கடலை எண்ணெய். தமிழ்நாட்டில் நல்லெண்ணெய். இவை உறையாத கொழுப்பு மிகுந்தவை. இவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். கேரளத்தின் தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு உறையும் கொழுப்பு. பாமாயிலில் ஏறக்குறையப் பாதி. இவற்றை அளவாக ஊற்ற வேண்டும்.

நல்ல எண்ணெயையும் கெடுக்கலாம். வடை சுட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் கறுத்துவிடும். நுரைக்கும், புகையும். அதில் தீய பொருள்கள் சேரும். கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எண்ணெய் விற்கிற விலை அப்படி. நம் வீட்டிலும் அதைத்தானே செய்கிறோம்? பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடிகட்டுங்கள். ஓரிரு நாளில் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம். புது எண்ணெயோடு கலக்கவும் வேண்டாம்.

எவ்வளவு எண்ணெய் போதும்? ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அது 2011-இல் ஓர் அளவு சொன்னது. அதிக உடலுழைப்பு இல்லாத ஆணுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம். பெண்ணுக்கு 20 கிராம். நெய், வனஸ்பதி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். கடினமாக உழைப்பவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கணவன், மனைவி இருவருக்கும் ஒரு நாளைக்கு 45 கிராம். 30 நாளைக்கு 1,350 கிராம். அதாவது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். மாதம் பிறந்ததும் அதை ஒரு தனிப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். பாட்டில் எந்தத் தேதியில் காலியாகிறது என்று சுவர்க் காலண்டரில் எழுதி வாருங்கள்.