சிக்னலில் நின்றதும் கார் இன்ஜின் அணைந்து விடுகிறதா? காரணத்தைக் கண்டறிவது எப்படி?

கல்யாண்: மும்பையை அடுத்த கல்யாணில் துர்காடி பாலம், பத்ரி பூல், கல்யாண்–ஷில் சாலை ஆகிய வழித்தடங்களில், நெரிசல் நேரத்தில் வாகனங்கள் நின்று நின்றே நகர்கின்றன. இத்தகைய சாலைகளில் கார் ஓட்டுவோரை அச்சுறுத்தும் கோளாறு ஒன்று உண்டு. ஓடும்போது சீராக இயங்கும் இன்ஜின், பிரேக் பிடித்து நிற்கும் தருணத்தில் மட்டும் வேகம் தாழ்ந்து நடுங்குகிறது; சில வேளைகளில் அணைந்தும் விடுகிறது.

இது வெறும் அசௌகரியம் அன்று. பெரும்பாலான பெட்ரோல் கார்களில், பிரேக்கை அழுத்த உதவும் பூஸ்டர் என்ற பாகம் இன்ஜின் உண்டாக்கும் வெற்றிடத்தைக் கொண்டே செயல்படுகிறது. இன்ஜின் அணைந்தால், எஞ்சியுள்ள வெற்றிடம் ஓரிரு முறை பிரேக் அழுத்துவதற்கே போதுமானதாக இருக்கும். பின்னர் பிரேக் பெடல் கடினமாகிவிடும். ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் கொண்ட கார்களில் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

நிற்கும்போது மட்டும் ஏன்?

ஆக்சிலரேட்டரை அழுத்தாத நிலையில் இன்ஜின் தானாக இயங்கும் வேகமே ஐடிலிங் எனப்படுகிறது. சூடேறிய பெட்ரோல் இன்ஜினில் இது பொதுவாக நிமிடத்துக்கு 700 முதல் 900 சுழற்சிகள் வரை இருக்கும். சரியான அளவு அந்தந்த காரின் கையேட்டில் தரப்பட்டிருக்கும்.

ஓட்டுநர் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. எரிபொருளும் சிறிது நேரம் நிறுத்தப்படுகிறது. வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்ததும் எரிபொருளை மீண்டும் செலுத்தி, தேவையான சிறிதளவு காற்றை உள்ளே விட்டு, இன்ஜினைத் தாங்கிப் பிடிப்பது கட்டுப்பாட்டுக் கணினியின் வேலை. அதே நேரத்தில் ஏ.சி. கம்பிரசர், ரேடியேட்டர் விசிறி, முகப்பு விளக்குகள் ஆகியவற்றின் சுமையும் இன்ஜின் மீது விழுகிறது. த்ராட்டில் வால்வைச் சுற்றிக் கரி படிந்திருந்தால், அந்தச் சிறிதளவு காற்றும் தடைபடுகிறது. வேகமாகச் செல்லும்போது வால்வு அகலத் திறந்திருப்பதால் இக்குறை வெளியே தெரிவதில்லை.

எப்போது வேகம் தாழ்கிறது?

பாகங்களை மாற்றும் முன்னர், கோளாறு எந்த நிலையில் தோன்றுகிறது என்பதைக் கவனித்தால் காரணத்தை வெகுவாகச் சுருக்கிவிடலாம்.

* ஏ.சி.யை இயக்கினால் மட்டும் வேகம் தாழ்ந்தால், த்ராட்டில் பாடியில் கரி, ஐடில் ஏர் கன்ட்ரோல் வால்வில் அடைப்பு அல்லது கம்பிரசரின் மிகைச் சுமை காரணமாக இருக்கலாம்.

* கார் நின்ற நிலையில், நியூட்ரலில், பிரேக் பெடலை அழுத்தும்போதெல்லாம் இன்ஜின் தடுமாறினால், பிரேக் பூஸ்டரிலோ அதன் வெற்றிடக் குழாயிலோ கசிவு இருக்கலாம். இதைத் தாமதமின்றிச் சரிசெய்ய வேண்டும்.

* டார்க் கன்வெர்ட்டர் கொண்ட தானியங்கி கியர் கார், கியரில் இருக்கும்போது நின்றால் அணைந்து, நியூட்ரலுக்கு மாற்றி நிறுத்தினால் அணையாமல் இருந்தால், டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் விடுபடாமல் இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

* பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு தொடங்கியிருந்தால், கணினி கற்று வைத்திருந்த ஐடிலிங் அளவுகள் அழிந்திருக்கலாம். கையேட்டில் கூறியபடி அவற்றை மீண்டும் பதியச் செய்தால் போதும்.

சில புதிய கார்களில், எரிபொருளைச் சேமிப்பதற்காக சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்து, மீண்டும் இயங்கும் வசதி உள்ளது. அது கோளாறு அன்று.

சிஎன்ஜி கார்களுக்கு எளிய சோதனை:

கல்யாண் உள்ளிட்ட மும்பைப் பெருநகரப் பகுதியில் மகாநகர் கேஸ் நிறுவனம் சிஎன்ஜி விநியோகிப்பதால், இங்கு இரட்டை எரிபொருள் கார்கள் மிகுதி. இவ்வகைக் காரை ஒரு நாள் பெட்ரோலிலும் மறுநாள் சிஎன்ஜியிலும் ஓட்டிப் பார்க்கலாம். இரண்டிலும் வேகம் தாழ்ந்தால், த்ராட்டில் பாடி, ஏர் ஃபில்டர் போன்ற பொதுவான பாகங்களில் குறை தேட வேண்டும். சிஎன்ஜியில் மட்டும் தாழ்ந்தால், ரெகுலேட்டர், வாயு வடிகட்டி, வாயு இன்ஜெக்டர்களைச் சோதிக்கலாம். சிஎன்ஜியைப் பற்றவைக்க அதிக மின்னழுத்தம் தேவை என்பதால், தேய்ந்த ஸ்பார்க் பிளக்கின் குறையும் சிஎன்ஜியிலேயே முதலில் வெளிப்படும்.

செலவு குறைந்ததில் இருந்து தொடங்குக:

முதலில் ஏர் ஃபில்டர், விரிசல் விட்ட ரப்பர் குழாய்கள், ஸ்பார்க் பிளக்குகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அடுத்து த்ராட்டில் பாடியை அதற்கென உள்ள திரவத்தால் தூய்மை செய்யலாம். மின்னணு த்ராட்டிலின் தகட்டை விரலால் பலவந்தமாகத் தள்ளக் கூடாது. தூய்மை செய்த பின் ஐடிலிங் அளவைப் பதியச் செய்ய வேண்டியிருக்கும். சென்சார், எரிபொருள் பம்ப் போன்ற விலை உயர்ந்த பாகங்களை உரிய அளவீடு இன்றி மாற்றுவது வீண் செலவாகலாம்.

ஓபிடி வசதியுள்ள கார்களில் ஸ்கேனரை இணைத்துப் பிழைக் குறியீடுகளைப் படிக்கலாம். 'பி0506' என்பது ஐடிலிங் வேகம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்பதைக் காட்டுகிறது. 'பி0171' கலவையில் எரிபொருள் குறைவு என்பதையும், 'பி0300' சிலிண்டர்களில் எரிதல் தவறுவதையும் சுட்டுகின்றன. இவை அறிகுறியைக் கூறுபவை மட்டுமே. எந்தப் பாகம் பழுது என்பதை முடிவு செய்வதில்லை.

வேகத்தைக் கூட்டி வைப்பது தீர்வா?

கார்புரேட்டர் காலத்தில் ஒரு திருகைத் திருப்பி ஐடிலிங் வேகத்தை உயர்த்துவது வழக்கம். கணினி கட்டுப்படுத்தும் இன்ஜினில் திருகைத் திருப்புவது மூல காரணத்தை மறைத்து, எரிபொருள் செலவைக் கூட்டும். மேலும், மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்கான சோதனையில் பெட்ரோல், சிஎன்ஜி கார்களின் புகை ஐடிலிங் நிலையிலும் அளக்கப்படுகிறது. எரிதல் சீராக இல்லாத இன்ஜின் அச்சோதனையில் தோல்வியடையக் கூடும்.

நடுச்சாலையில் அணைந்தால்:

பிரேக்கை விட்டு விட்டு அழுத்தாமல், ஒரே சீராக அழுத்திப் பிடிக்க வேண்டும். அபாய விளக்குகளை எரியவிட்டு, காரை இடது ஓரமாகக் கொண்டுவர வேண்டும். கார் நகர்ந்துகொண்டிருக்கும்போது சாவியை வெளியே எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். கார் நின்ற பின், தானியங்கி கியரில் பார்க் அல்லது நியூட்ரல் நிலையிலும், மற்றவற்றில் நியூட்ரலிலும் வைத்து மீண்டும் இயக்கலாம். ஒரே பயணத்தில் மீண்டும் மீண்டும் அணைந்தால், பாலங்களிலும் சரிவான சாலைகளிலும் ஓட்டுவதைத் தவிர்த்து, காரைப் பழுதுபார்க்கும் இடத்துக்கு இழுத்துச் செல்வதே பாதுகாப்பானது.