அமெரிக்காவில் ஸ்பானிஷ் வழிப் பள்ளி: குழந்தைக்கு இங்கிலீஷ் போயிடுமா? மூளை கூர்மையாகுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

வீட்டில் ஆங்கிலம், தெருவில் ஆங்கிலம், டிவியிலும் ஆங்கிலம். ஆனால் 5 வயதுக் குழந்தை காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் கணக்கு, கதை, பாட்டு எல்லாமே ஸ்பானிஷில். அமெரிக்காவின் பல அரசுப் பள்ளிகளில் இது அன்றாடக் காட்சி. இருக்கும் இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம் என்பதால் குலுக்கல் போட்டு குழந்தைகளைச் சேர்க்கும் ஊர்களும் உண்டு.

அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் 4 கோடிக்கும் அதிகம். அதனால் அந்த மொழிக்கு மவுசு இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனாலும் "சேர்க்கலாமா, வேண்டாமா?" என்ற குழப்பம் பெற்றோரை விடுவதில்லை. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே கேள்விதான். ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பார்க்கலாம்.

இமெர்ஷன் என்றால் என்ன?

நீச்சல் பழக்க தண்ணீரில் இறக்கிவிடுவது மாதிரிதான் இது. ஸ்பானிஷை ஒரு பாடமாக வாரத்துக்கு இரண்டு பீரியட் நடத்தாமல், மற்ற பாடங்களையே ஸ்பானிஷில் நடத்துவார்கள். இந்த முறைக்கு 'இமெர்ஷன்' என்று பெயர்.

இதில் இரண்டு வகை பிரபலம். ஒன்று 90-10. கிண்டர்கார்டனில் 90 சதவீத நேரம் ஸ்பானிஷ், 10 சதவீதம் ஆங்கிலம். ஆண்டுக்கு ஆண்டு ஆங்கிலம் கூடி, நான்காம், ஐந்தாம் வகுப்பு வாக்கில் பாதிக்குப் பாதி ஆகிவிடும். இன்னொன்று 50-50. இதில் தொடக்கத்திலிருந்தே இரண்டுக்கும் சம நேரம்.

"டீச்சர் சொல்றது புரியாம குழந்தை முழிக்காதா?" முதல் சில வாரங்கள் முழிக்கும். அதற்காகவே ஆசிரியர்கள் படம், சைகை, பாட்டு, தினமும் மாறாத வகுப்பு நடைமுறை என்று புரியவைக்கிறார்கள். குழந்தை ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் திட்டுவதில்லை. ஆசிரியர் மட்டும் ஸ்பானிஷிலேயே தொடர்வார்.

எங்கே தொடங்கியது?

1959 கியூபப் புரட்சிக்குப் பிறகு ஏராளமான கியூபக் குடும்பங்கள் மயாமிக்கு வந்தன. 1963-ல் அங்குள்ள கோரல் வே பள்ளி, கியூபக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் சேர்த்து இரு மொழிகளிலும் பாடம் நடத்தத் தொடங்கியது.

1965-ல் கனடாவின் மான்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வழி வகுப்பு கேட்டு வாங்கினார்கள். அதை முன்மாதிரியாக வைத்து 1971-ல் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ஸ்பானிஷ் இமெர்ஷன் தொடங்கப்பட்டது.

இங்கிலீஷ் பின்தங்குமா?

பெற்றோரின் பெரிய பயமே இதுதான். முதலிரண்டு ஆண்டுகளில் ஆங்கில வாசிப்பில் குழந்தை கொஞ்சம் பின்தங்கலாம். செயின்ட் லாம்பர்ட் குழந்தைகளுக்கும் அப்படித்தான் ஆனது. ஆங்கிலப் பாடம் முறையாகத் தொடங்கிய பிறகு அவர்கள் எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

"நல்லா படிக்கவைக்கிற பெற்றோர்தான் இதில் சேர்க்கிறாங்க, அதான் பிள்ளைங்க ஜெயிக்குது" என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான சந்தேகம்தான். இதைச் சரிபார்க்க ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்டில் ராண்ட் அமைப்பு உள்ளிட்டோர் ஒரு ஆய்வு நடத்தினர். விண்ணப்பித்தவர்களில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்பு பெற்றோருக்கும் ஆர்வம் ஒன்றுதான். அதிர்ஷ்டம் மட்டும்தான் வேறு.

முடிவு: இமெர்ஷன் மாணவர்கள் ஆங்கில வாசிப்பில் ஐந்தாம் வகுப்பில் சுமார் 7 மாதமும், எட்டாம் வகுப்பில் சுமார் 9 மாதமும் முன்னால் இருந்தார்கள். கணக்கு, அறிவியலில் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இந்த ஆய்வில் ஸ்பானிஷுடன் ஜப்பான், சீன, ரஷ்ய மொழி வகுப்புகளும் அடக்கம்.

ஸ்பானிஷ் எவ்வளவு வரும்?

கேட்டுப் புரிந்துகொள்வதும் படிப்பதும் நன்றாகவே வரும். பேச்சும் எழுத்தும் அந்த அளவுக்கு வருவதில்லை. மெரில் ஸ்வெயின் உள்ளிட்ட கனடா ஆய்வாளர்கள், பல ஆண்டுகள் இமெர்ஷனில் படித்த மாணவர்களிடமும் இலக்கணப் பிழைகள் தங்கிவிடுவதைக் கவனித்தார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் பிள்ளைகள் டீச்சரிடம் மட்டும் பள்ளி மொழி, தங்களுக்குள் ஆங்கிலம் என்று பிரித்துக்கொள்கிறார்கள். அரட்டையும் கிண்டலும் வராத மொழி எப்படிச் சரளமாகும்?

மூளை கூர்மையாகுமா?

இரு மொழிக் குழந்தைகளுக்குக் கவனத்திறன் அதிகம் என்று கனடாவின் யார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் எலன் பியாலிஸ்டாக்கின் ஆய்வுகள் கூறின. பின்னர் வந்த பல ஆய்வுகளில் அதே முடிவு கிடைக்கவில்லை. 2019-ல் 9, 10 வயதுள்ள சுமார் 4,500 அமெரிக்கக் குழந்தைகளை வைத்து வெளியான ஆய்விலும் அப்படியொரு கூடுதல் திறன் தென்படவில்லை. மூளை வளரும் என்று நம்பி மட்டும் சேர்க்க வேண்டாம். ஒரு மொழி கைவசமாகும் என்பதே போதுமான காரணம்.

5 வயதிலேயே தொடங்கணுமா?

2018-ல் சுமார் 6.7 லட்சம் பேரின் ஆங்கில இலக்கண அறிவைச் சோதித்த ஆய்வு, கற்கும் திறன் 17 வயது வரை பெரிதாகக் குறைவதில்லை என்றது. ஆனால் தாய்மொழிக்காரர் அளவுக்கு இலக்கணம் கைவர, 10 வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும் என்றும் சொன்னது. ஆக, கிண்டர்கார்டனைத் தவறவிட்டால் கதவு மூடிவிடாது.

ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகளின் நிலை?

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாத பக்கம் இது. 1998-ல் கலிபோர்னியாவில் 227-வது முன்மொழிவு நிறைவேறி, ஆங்கிலம் தெரியாத குழந்தைகளுக்குத் தாய்மொழியில் பாடம் நடத்தக் கடும் கட்டுப்பாடு வந்தது. 2016-ல் 58-வது முன்மொழிவு மூலம்தான் அது விலகியது. ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளை ஸ்பானிஷ் படித்தால் திறமை, ஸ்பானிஷ் குடும்பத்துப் பிள்ளை ஸ்பானிஷில் படித்தால் பிரச்சினை என்ற பார்வை அங்கே வெகுகாலம் இருந்தது.

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் குவாடலூப் வால்டெஸ் 1997-லேயே எச்சரித்தார். இரு தரப்பும் சேர்ந்து படிக்கும் வகுப்பில், ஆங்கிலப் பிள்ளைகளுக்காக ஸ்பானிஷ் எளிமையாக்கப்பட்டால், அதைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். வீட்டு மொழியும் வகுப்பு மொழியும் ஒன்றாக இருக்கும் குழந்தைகள் ஆங்கிலத்திலும் வேகமாகத் தேறினார்கள் என்று போர்ட்லேண்ட் ஆய்வு காட்டியது. அப்படியென்றால் அந்த இருக்கைகள் யாருக்கு அதிகம் தேவை என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

தமிழ்க் குடும்பங்கள் என்ன செய்யலாம்?

அவர்களுக்கு ஸ்பானிஷ் மூன்றாவது மொழி. "பள்ளியில ஸ்பானிஷ் ஆயிடுச்சே, வீட்டிலயாவது இங்கிலீஷ் பேசுவோம்" என்று மாறிவிடுவதுதான் இங்கே ஆபத்து. ஆங்கிலம் ஊர் முழுக்க இருக்கிறது, எப்படியும் வந்துவிடும். தமிழுக்கு வீட்டை விட்டால் பெரிதாக வேறு இடம் கிடையாது. பள்ளி எதுவானாலும், வீட்டில் தமிழ்ப் பேச்சும் கதையும் தொடர்வது நல்லது.

சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

* எந்த வகுப்பு வரை இமெர்ஷன் உண்டு? நடுநிலைப் பள்ளியிலும் தொடருமா?
* 90-10 முறையா, 50-50 முறையா? ஆங்கில வாசிப்பு எப்போது தொடங்கும்?
* ஆசிரியர் ஸ்பானிஷில் சரளமானவரா? பாடம் நடத்தவும் பயிற்சி பெற்றவரா?
* வகுப்பில் ஸ்பானிஷ் வீட்டுக் குழந்தைகள் எத்தனை பேர்?
* அடுத்த 5 ஆண்டுகள் இதே ஊரில் இருப்போமா?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். 90-10 வகுப்பில் ஓரிரு ஆண்டுகள் மட்டும் படித்துவிட்டு வெளியேறும் குழந்தைக்கு ஸ்பானிஷும் நிற்காது, ஆங்கில வாசிப்பும் எட்டிப் பிடிக்கும் முன்பே பள்ளி மாறிவிடும்.

அப்போ, பயன் உண்டா?

உண்டு. குறைந்தது தொடக்கப் பள்ளி முடியும் வரை இருக்க முடிந்தால், ஆங்கிலத்தை இழக்காமல் இன்னொரு மொழியில் படிக்கவும் புரிந்துகொள்ளவும் முடிகிற குழந்தை கிடைக்கும். சரளமாகப் பேச, பள்ளிக்கு வெளியேயும் ஸ்பானிஷ் பேசும் நண்பர்கள் வேண்டும். ஒரு வருஷம் போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால், அந்த இடத்தைக் காத்திருப்புப் பட்டியலில் உள்ள இன்னொரு குழந்தைக்கு விட்டுவிடலாம்.