பூட்டனைத் தேடிக் கந்தளாய்க்கு

கந்தளாய்ப் பக்கத்தில் பெயர் தெரிந்த மிகப் பழைய மனிதர்களுள் ஒருத்தி நங்கைசானி. பிராமணக் கைம்பெண். முதலாம் விஜயபாகு காலத்துப் பாலமோட்டைத் தமிழ்க் கல்வெட்டில் இருக்கிறாள். அன்று விஜயராஜ சதுர்வேதி மங்கலம் என்ற பெயரும் கந்தளாய்க்கு இருந்தது. இங்கிருந்த தென்கயிலாசம் என்ற சிவன் கோயிலுக்கு, இறந்த கணவனின் புண்ணியத்துக்காக அவள் காசு வைத்தாள். அந்த அறத்தைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றார்கள்.

காசு வைத்ததால் அவள் பெயர் கல்லில் ஏறியது. அதே நாளில் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்தவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. வம்சாவழி தேடுகிறவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். கொடுத்தவன், வரி கட்டியவன், காணி வாங்கியவன், வழக்குப் போட்டவன் ஆகியோர்தான் ஏட்டில் இருப்பார்கள். உங்கள் பூட்டன் யார் என்று கேட்பதை விட, அவர் யாருக்கு என்ன கொடுக்கக் கடமைப்பட்டிருந்தார் என்று கேட்டால் சீக்கிரம் வழி பிறக்கும்.

கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு இது புதிராக இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொல்கிறார்கள். குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறலாம் என்று நினைத்து வருகிறார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? க. சுப்பிரமணியத்தின் மகன் சு. கந்தையா. அவர் மகன் மறுபடியும் க. சுப்பிரமணியம். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. ஒரு தெருவில் மூன்று கந்தையா இருந்தால் அவர்கள் ஒரே பாட்டனின் மூன்று பேரர்களாக இருக்கலாம். ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் பெயர் திரும்பி வருவது பழக்கப்பட்டவருக்குத் துப்பு, பழக்கமில்லாதவருக்குத் தலைவலி. அந்தக் கந்தையாவையே மூன்று பதிவாளர்கள் மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பார்கள் என்பது வேறு கதை.

போலந்துக்காரர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. அவர்கள் நாட்டை ரஷ்யா, புருசியா, ஆஸ்திரியா மூன்றும் 1772க்கும் 1795க்கும் இடையில் பங்கு போட்டன. ரஷ்யப் பங்கில் 1868 முதல் தேவாலயப் பதிவேடுகள் ரஷ்ய மொழியில் எழுதப்பட்டன. மற்ற இடங்களில் லத்தீன், ஜெர்மன். அமெரிக்காவில் பிறந்த பேத்திக்கு இவற்றை வாசிக்கத் தெரியாது. ஆகவே போலந்தில் பூர்வீகம் தேடிக் கொடுப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. மொரீசியசில் மோக்கா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் ஒப்பந்தக் கூலிகளின் குடிவரவு ஏடுகளைக் காத்து வைத்து, கேட்டு வருபவர்களுக்கு முன்னோரைத் தேடித் தருகிறது. நம் கரையில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒல்லாந்தர் தங்கள் ஆட்சிப் பகுதிகளில் ஆளையும் காணியையும் பதிந்த தோம்புகள் கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்தில் இருக்கின்றன. ஆனால் பூர்வீகம் தேடிக் கொடுப்பவர் என்று பலகை தொங்கவிட்டவரை நம் பக்கத்துக் கடைத்தெருக்களில் நான் கண்டதில்லை. பிரதேச செயலக வாசலில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவரும், பழைய உறுதி வாசிக்கத் தெரிந்த நொத்தாரிசின் லிகிதரும், ஊர்க் கலியாணங்கள் அத்தனையும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு கிழவியும்தான் நமக்கு அந்த வேலையைச் செய்கிறார்கள்.

கோயிலையும் விடக்கூடாது. கந்தளாய்க்கு அயலூரான தம்பலகாமத்து ஆதிகோணேஸ்வரத்தில் கோயில் தொழும்பு குடும்பம் குடும்பமாக இறங்கி வருவது. யார் எந்த வேலை செய்ய உரித்துடையவர் என்று கேட்டால் அதற்குள்ளேயே ஒரு வம்சாவழி இருக்கும். இதற்கு மூலமாகக் காட்டப்படுவது கோணேசர் கல்வெட்டு. பெயரில்தான் கல்வெட்டு, கவிராசவரோதயர் பாட்டும் உரைநடையுமாக எழுதிய நூல் அது. குளக்கோட்டன் என்ற மன்னன் மருங்கூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் குடிகளைக் கொண்டுவந்து, தானம், வரிப்பத்து என்று கடமைகளைப் பிரித்துக் கொடுத்ததாக அது சொல்கிறது. கந்தளாய்க் குளத்தைக் கட்டியவனும் அவனே என்பது ஊர் வழக்கு. வரலாற்றாசிரியர்கள் ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதியைச் சொல்வார்கள். என் கணக்கில், ஒரு குடும்பம் அந்த நூலைக் காட்டிக் காரைக்கால் வரை போவது எளிது. தன் பாட்டனுக்கும் அந்தக் காரைக்கால்காரனுக்கும் நடுவில் நின்றவர்களின் பெயரைச் சொல்வதுதான் கடினம். அந்த இடைவெளியை மறைக்காமல் காட்டுபவரே நல்ல ஆராய்ச்சியாளர்.

கந்தளாயில் அந்த இடைவெளிக்கு வேறொரு காரணமும் உண்டு. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் குளத்தின் அணைக்கட்டு உடைந்தது. நித்திரையில் கிடந்த ஊர்களின் மேல் தண்ணீர் போனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடுகளோடு றங்குப் பெட்டிகளும் போயின. ஒரு குடும்பத்தின் உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், சாதகக் குறிப்பு, கலியாணப் படம் எல்லாம் இருந்தது அந்தப் பெட்டியில்தானே.

ஆகவே இங்கே தேடல் வீட்டிலிருந்து தொடங்குவதில்லை, அலுவலகத்திலிருந்து தொடங்குகிறது. குடியேற்றக் காணி பெற்றவர்களுக்குக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் கிடைத்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஊரில் ‘பெர்மிட்’ என்றால் எல்லோருக்கும் விளங்கும். வீட்டுப் பிரதி வெள்ளத்தில் போனாலும் செயலகத்தில் பேரேடு உண்டு. அதில் பின்னுரித்தாளர் என்று ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தால் தேடுபவருக்கு ஒரு தலைமுறை இலாபம். பெயர் எழுதாமல் இறந்தவரின் காணிக்குச் சட்டம் நெடுங்காலம் மகளுக்கு முன்னே மகனை நிறுத்தியது. அதனால் பெண்கள் பலர் இந்தத் தாள்களில் காணாமல் போகிறார்கள். சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று வேறுபாடில்லாமல் எல்லாக் குடும்பத்துக்கும் இதே குறைதான்.

வாய்மொழி இதற்கு நேர்மாறு. கிழக்கில், குறிப்பாக மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில், தமிழரும் முஸ்லிம்களும் குடியைத் தாய்வழியாகவே எண்ணுகிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பெண்ணெடுத்த குடும்பமானால், தாள் தகப்பன் பெயரைச் சொல்லும்; கிழவி தாயின் குடியைச் சொல்லுவாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். தாளை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு விமானம் ஏறுபவர்கள் பாதியைத்தான் கொண்டு போகிறார்கள்.

கிழவியிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. “அம்மம்மா, நீங்கள் எந்த ஆண்டு பிறந்தீர்கள்?” என்றால், “அதெல்லாம் ஆர் மகனே எழுதி வைச்சது?” என்பார். ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது நடக்கத் தொடங்கி விட்டீர்களா என்று கேளுங்கள். குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9. பெரிய புயலடித்தபோது எத்தனை பிள்ளைகள், கடைசி மகள் மடியில் இருந்தாளா என்று கேளுங்கள். அது 1964 டிசம்பர். பதிவேடுகள் ஆண்டு வாரியாகவே கட்டப்பட்டிருக்கும். எந்த ஆண்டு என்று சொல்லாமல் போனால் லிகிதர் எந்தக் கட்டை அவிழ்ப்பார்? இரண்டு மூன்று ஆண்டுக்குள் சுருக்கிக் கொடுத்தால் தேடிப் பார்ப்பார். அப்போதும் அகப்படவில்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது ஒன்றே மிச்சம்.

இப்போது அந்தக் குண்டைக் கண்டவர்கள் அருகி வருகிறார்கள். புயலைக் கண்டவர்களுக்கும் வயது போய்விட்டது. பிரதேச செயலக வாங்கில் துண்டுச் சீட்டோடு இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். “குளம் உடைஞ்ச வருசம் அம்மா வயித்தில நான்” என்றுதான் கணக்குத் தொடங்கும்.