விமான யந்திரங்களின் நாமகரணம்

வேட்டைப் பறவைகளின் பெயரைத் தம் விமான யந்திரங்களுக்கு இட்டுவந்த சம்பிரதாயத்தை ஒட்டி, வல்லூறு இனத்துச் சிறு பறவையொன்றின் பெயரால் 'மெர்லின்' என்று இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தார் அழைத்த யந்திரமே, இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் பாக்கார்ட் நிறுவனத்தாரால் உற்பத்தி செய்யப்பட்டபோது, வி-1650 என்று நாமம் பெற்றது. பன்னிரண்டு சிலிண்டர்களும் அந்த ஆங்கில எழுத்தின் வடிவில் இரு வரிசையாகச் சாய்ந்து நிற்பதால் 'வி'; எல்லாப் பிஸ்டன்களும் தம் முழு ஓட்டத்தில் கடக்கும் மொத்தக் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்வது 1650. உள்ளபடி அது 1,649. ஒன்றைக் கூட்டி முழுமையாக்கிக்கொண்டார்கள்.

சிலிண்டர்கள் நடுத்தண்டைச் சுற்றி வட்டமாக அமைந்தால் 'ஆர்'. எதிரெதிராகப் படுத்திருந்தால் 'ஓ'. இன்றும் சிறு விமானங்களை ஓட்டும் லைகாமிங் ஓ-360 இந்த இரண்டாம் வகை. எரிபொருளைப் பீய்ச்சி ஊட்டும் அமைப்பு சேர்ந்தால் முன்னே ஓர் 'ஐ' ஏறி, ஐஓ-360 ஆகும்.

குதிரைத்திறனை விடுத்துக் கொள்ளளவைக் கொண்டதை நான் மிகுந்த விவேகமென்றே கருதுகிறேன். ஏனெனில் பெட்ரோலின் தரம் உயர்ந்தாலும், காற்றை நெருக்கி ஊட்டும் சாதனம் திருந்தினாலும் திறன் மாறிவிடும். பதினெட்டுச் சிலிண்டர்கள் கொண்ட ஆர்-2800 ஏறத்தாழ 2,000 குதிரைத்திறனில் தொடங்கி அதற்கு வெகு மேலே சென்றபோதும், அதன் கொள்ளளவு மாறவேயில்லை. திருத்தங்களையெல்லாம் கொள்ளளவை அடுத்த இரண்டாவது சிறு கோட்டுக்குப் பின்வரும் எண் ஏற்றுக்கொண்டது. அது ஒற்றைப்படையானால் அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவுக்கு, இரட்டைப்படையானால் கடற்படைக்கு.

பிஸ்டனே இல்லாத ஜெட் யந்திரம் தோன்றியதும், எண்ணுக்கு ஆதாரமாயிருந்த அளவை மறைந்தது. பி-52 குண்டுவீச்சு விமானத்தில் அமைந்த ஜே-57 என்ற பெயரில் 57 வெறும் வரிசை எண்தான். பயணி விமானங்களுக்கு யந்திரம் செய்வோர் மாத்திரம் அளவையை வேறு வழியில் மீட்டனர்: ஜிஇ-90-115பி என்பதில் 115, உந்துவிசை ஏறத்தாழ 1,15,000 ராத்தல் என்பதைச் சொல்லும், பிடபிள்யூ-4056 என்பதில் 56, அவ்வாறே 56,000 ராத்தலைச் சொல்ல, அதற்கு முன்னுள்ள பூஜ்யம் போயிங் விமானத்துக்குரியது என்று அறிவிக்கும், ஏர்பஸ் ஆனால் அவ்விடத்தில் ஒன்று நிற்கும்.

அமெரிக்கப் படைகளோ பிற்காலத்தில் எண்களையே பாகம் பிரித்துக்கொண்டன: 100 முதல் விமானப்படைக்கு, 400 முதல் கடற்படைக்கு, 700 முதல் தரைப்படைக்கு. கோயம்புத்தூருக்கு அருகே சூலூரிலிருந்து பறக்கும் தேஜஸ் விமானத்தின் யந்திரம் எஃப்-404 என்று வழங்குவதற்கும், அது முதலில் அமெரிக்கக் கடற்படைப் போர்விமானத்துக்காக எண்ணிடப்பட்டதே காரணம்.